தோட்டத்து நிலமும் சபையின் பணமும்: கொழும்பின் முன்னுள்ள மூன்று வழிகள்

தோட்டம் என்றால் மலையகத்தில் தேயிலை. கொழும்பில் அது ஒரு பொதுத் தண்ணீர்க் குழாய், ஒரு வரிசைக் கழிப்பறை, எதிரெதிரே நெருங்கி நிற்கும் முப்பது நாற்பது வீடுகள், நடுவில் எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டி நிற்கவேண்டிய ஒரு முடுக்கு. சிங்களத்தில் ‘வத்த’ என்று சொல்வதும் இதைத்தான். கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், முகத்துவாரம், மருதானை, வனாத்தமுல்லை, கொம்பனித்தெரு ஆகிய இடங்களில் பிறந்து வளர்ந்த தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் பலருக்கு முகவரியே ஒரு தோட்டத்தின் இலக்கம்தான். கடந்த பதினைந்து ஆண்டுகளாகக் கொழும்பின் பொருளாதார வளர்ச்சி பற்றி நடந்துவரும் விவாதம், எவ்வளவு பெரிய சொற்களில் தொடங்கினாலும், இந்த நிலத்தை என்ன செய்வது என்ற கேள்வியில்தான் வந்து நிற்கிறது.

அந்தக் கேள்விக்கு விடை சொல்லவேண்டிய மாநகர சபை நீண்ட காலம் ஆளில்லாமல் கிடந்தது. 2023 மார்ச்சில் நடக்கவேண்டியிருந்த தேர்தல் பணமில்லை என்று தள்ளிப்போடப்பட்டு, பதவிக்காலமும் முடிந்துபோக, நகரம் ஆணையாளரின் கையில் இருந்தது. தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2025 மே மாதத் தேர்தலில் 117 உறுப்பினர் கொண்ட சபையில் தேசிய மக்கள் சக்தி 48 இடங்களுடன் முதலிடம் பெற்றது. ஆனால் அது பெரும்பான்மை அல்ல. ஜூன் மாதம் நடந்த வாக்கெடுப்பில் 61க்கு 54 என்ற கணக்கில் அக்கட்சியின் விராய் கெலீ பல்தசார் மேயரானார். சபைக்குள் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் பேரம் பேசவேண்டிய நிலை என்பதே இந்தக் கணக்கின் பொருள். அது பின்னர் முக்கியமாகும்.

இப்படியான ஒரு சபையின் முன் மூன்று வழிகள் இருப்பதாக நான் காண்கிறேன். தோட்டத்து மக்களைத் தொடர்மாடிகளுக்கு ஏற்றி, விடுபடும் நிலத்தைப் பெரிய முதலீட்டாளரிடம் கொடுத்து, அந்தப் பணத்தில் நகரை வளர்ப்பது முதல் வழி. மக்களை இருந்த இடத்திலேயே வைத்துக்கொண்டு, நிலவுரிமையும் சிறுகடனும் வடிகாலும் கொடுத்துக் குடியிருப்பை மேம்படுத்துவது இரண்டாவது. நிலத்தைத் தொடாமல், சபையும் நகரிலுள்ள பெரிய பொது நிறுவனங்களும் ஆண்டுதோறும் எப்படியும் செலவிடப்போகும் பணத்தை இந்த நகரத்துச் சிறுதொழில்களின் பக்கம் திருப்புவது மூன்றாவது. இவை ஒன்றையொன்று முற்றாக விலக்குபவை அல்ல. ஆனாலும் சபையின் பணத்துக்கும் அலுவலரின் நேரத்துக்கும் எல்லை உண்டு என்பதால், எதை முதலில் எடுப்பது என்பது உண்மையான தேர்வுதான். என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: மூன்றாவதை இந்த ஆண்டே தொடங்கவேண்டும், இரண்டாவதை வட்டாரம் வட்டாரமாகக் கொண்டுபோகவேண்டும், முதலாவதை வேறு வழியே இல்லாத இடங்களுக்கென்று ஒதுக்கிவைக்கவேண்டும்.

முதல் வழியின் நியாயத்தை அதை எதிர்ப்பவர்கள் பெரும்பாலும் குறைத்தே சொல்கிறார்கள். கொழும்பு மாநகர எல்லை ஏறத்தாழ 37 சதுர கிலோமீற்றர்தான். அதற்குள் 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஐந்து இலட்சத்து அறுபதாயிரம் பேர் வாழ்ந்தனர். பகலில் வந்துபோகிறவர்கள் வேறு. நாட்டிலேயே விலைகூடிய நிலத்தில் ஒற்றை மாடி வீடுகளை நெருக்கி வைத்திருப்பது வீண் என்பது திட்டமிடுவோரின் வாதம். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான நகர அபிவிருத்தி அதிகார சபை, 2010இல் பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டபோது, இந்த வாதம் திட்டமாயிற்று. 68,000க்கு மேற்பட்ட குடும்பங்களைத் தொடர்மாடிகளுக்கு மாற்றி நிலத்தை விடுவிப்பதே இலக்கு. அது முழுதாக நிறைவேறவில்லை. ஆயினும் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள் கட்டப்பட்டன. 2019இல் ஆசிய உட்கட்டமைப்பு முதலீட்டு வங்கி மேலும் 5,500 வீடுகளுக்கென 20 கோடி அமெரிக்க டொலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. ஆட்சிகள் மாறினாலும் இந்த வழி மாறவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும்.

அந்த வீடுகளில் குடியேறியவர்கள் எல்லாரும் அழுதுகொண்டு போனார்கள் என்று சொன்னால் அது பொய். சொந்தக் கழிப்பறை, மழைக்கு ஒழுகாத கூரை, வீட்டுக்குள்ளேயே தண்ணீர், பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கும்போது தயங்காமல் எழுதிக்கொடுக்கக்கூடிய முகவரி ஆகியவற்றை அற்பமாக நினைப்பவர், கழிப்பறை வாசலில் வாளியுடன் வரிசையில் நின்றிராதவர். ஆனால் 2010 மே மாதத்தில் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் பொலிஸாரும் இராணுவத்தினரும் சூழ வீடுகள் இடிக்கப்பட்டதிலிருந்து, கேட்டுச் செய்தது எது, செய்துவிட்டுக் கேட்டது எது என்ற கசப்பு இந்தத் திட்டத்தின்மேல் படிந்தே இருக்கிறது. நிலத்தின் உறுதிப் பத்திரம் கையிலிருந்தவர், வாடகைக்கு இருந்தவர், மூன்று தலைமுறையாகக் குடியிருந்தும் எழுத்தில் எதுவும் இல்லாதவர் ஆகிய எல்லாருக்கும் ஒரே அளவு வீடு என்பது சமத்துவம்போலத் தோன்றும்; இரண்டு மாடி வீட்டைப் பறிகொடுத்தவருக்கு அது இழப்பு. அதற்கும் பலர் பத்து இலட்சம் ரூபா வரையான தொகையை ஆண்டுக்கணக்கில் தவணையாகக் கட்டவேண்டியிருந்தது.

பொருளாதாரக் கணக்கில் இந்த வழி எங்கே தவறுகிறது என்பதை ஒரு பெண்ணை வைத்துச் சொல்லலாம். தோட்டத்து வாசலில் விறகடுப்பு வைத்து இடியப்பம் அவித்து விற்றுக்கொண்டிருந்த ஓர் அக்காவை நான் பல ஆண்டுகளாக அறிவேன். காலை ஐந்து மணிக்கே பிழிந்து தட்டுகளை அடுக்குவார். ஆறரைக்குள் துறைமுகத்துக்குப் போகிறவர்களும் பாடசாலைப் பிள்ளைகளின் தாய்மாரும் வாங்கிச்செல்ல, மிச்சம் இரண்டு தேநீர்க் கடைகளுக்குப் போகும். காசு இல்லாதவர் கொப்பியில் எழுதிவிட்டுப் போவார். சம்பள நாளில் வந்து கழித்துவிடுவார். அவருக்குத் தொடர்மாடியில் பதினோராம் தளத்தில் வீடு கிடைத்தது. விறகு எரிக்க முடியாது. எரிவாயுவில் அவித்தால் கட்டுபடியாகாது. கட்டினாலும் வாங்க ஆள் இல்லை. “பதினோராம் மாடிக்கு யாரு தம்பி அஞ்சு இடியப்பம் வாங்க ஏறி வருவாங்க?” என்றார். லிப்ட் பழுதான வாரங்களில் இறங்குவதே பெரும்பாடு. வீட்டின் பெறுமதி கூடியது உண்மை. வருமானம் அற்றுப்போனதும் உண்மை. 2022இல் நாடு கடனைத் திருப்பிக் கட்டமுடியாது என்று அறிவித்து, எரிவாயுவுக்கு நாள்கணக்கில் வரிசை நின்ற மாதங்களில், தோட்டத்தில் இருந்தவர்கள் மூன்று கல்லை வைத்துச் சமைத்தார்கள். மாடியில் இருந்தவர்களுக்கு அதற்கும் இடமில்லை.

திட்டமிடுவோரின் தாளில் இந்த இடியப்பக் கடை எந்தக் கட்டத்திலும் இல்லை. அவர்கள் வீட்டை வீடாக மட்டும் பார்க்கிறார்கள். தோட்டத்தில் வீடு என்பது அடுப்படி, தையற்கூடம், ஓட்டோ நிறுத்துமிடம், கடன் கொடுக்கும் இடம், பிள்ளை பார்க்கும் இடம் எல்லாமும்தான். நிலத்தை விடுவிக்கும்போது இவை அனைத்தும் சேர்ந்தே விடுபட்டுப்போகின்றன. விடுவிக்கப்பட்ட நிலத்தில் முதலீட்டாளர் வந்து வேலை உருவாக்குவார் என்பது பதிலாகச் சொல்லப்படுகிறது. வந்தால் உருவாக்குவார். ஆனால் அவர் வருவது கொழும்பின் கையில் இல்லை. டொலரின் விலை, வெளிநாட்டு வட்டி, நாட்டின் கடன் மதிப்பீடு ஆகியவற்றின் கையில் இருக்கிறது. 2022க்குப் பின் பாதியில் நின்ற கட்டடங்களின் பாரந்தூக்கிகளைக் காலிமுகத்திடலிலிருந்தே எண்ணிப் பார்க்கக்கூடியதாக இருந்தது.

துறைமுக நகரத்தைப் பற்றியும் இங்கே ஓரிரு வரி சொல்லவேண்டும். அதிகம் சொல்லத் தேவையில்லை, ஏனெனில் அது மாநகர சபையின் தேர்வே அல்ல. 2014 செப்டெம்பரில் சீன ஜனாதிபதியின் வருகையோடு தொடங்கி, 2015இல் நிறுத்தப்பட்டு, 2016இல் மீண்டும் தொடங்கிக் கடலில் நிரப்பி எடுக்கப்பட்ட அந்த 269 ஹெக்டேயர் நிலம், 2021ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி ஜனாதிபதி நியமிக்கும் ஆணைக்குழுவின் நிர்வாகத்தில் இருக்கிறது. கொழும்பு வாக்காளர் அந்த ஆணைக்குழுவைத் தேர்ந்தெடுப்பதும் இல்லை, அகற்றுவதும் இல்லை. அங்கே வேலைக்குப் போகிறவர்களின் பேருந்தும் போக்குவரத்து நெரிசலும் மட்டும் பழைய நகரத்தின் வீதிகளில்தான். அது வெற்றியடைந்தால் நல்லது. ஆனால் அதை நம்பி ஒரு மாநகர வரவு செலவுத் திட்டத்தை எழுத முடியாது.

இரண்டாவது வழி நமக்குப் புதிதல்ல. நாமே உலகுக்குக் காட்டிய வழி அது. 1978 முதல் அரசே வீடு கட்டிக்கொடுத்த ஒரு இலட்சம் வீட்டுத் திட்டத்தின் செலவைத் தாங்க முடியாமல் போகவே, பிரதமராயிருந்த பிரேமதாசவின் காலத்தில் 1984இல் பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் தொடங்கியது. அரசு கட்டிக்கொடுப்பதை விட்டு, கட்டிக்கொள்பவருக்குத் துணை நிற்பதே அதன் அடிப்படை மாற்றம். தேசிய வீடமைப்பு அதிகார சபை சிறுகடன் கொடுத்தது. எங்கே வடிகால் போகவேண்டும், எந்த வீடு எத்தனை அடி பின்வாங்கவேண்டும் என்பதைக் குடியிருப்பாளர் அதிகாரிகளோடு ஒரே இடத்தில் உட்கார்ந்து கயிறு பிடித்து அளந்து முடிவுசெய்தார்கள். 1987ஐ வீடற்றோருக்கான சர்வதேச ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்ததன் பின்னாலும் கொழும்பிலிருந்து போன யோசனை இருந்தது.

இதில் பொருளாதாரக் கட்டுரைக்குரிய செய்தி வீட்டில் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது. தோட்டத்துக்குள் போடவேண்டிய கிணறு, வடிகால், நடைபாதை, கழிப்பறைத் தொகுதி போன்ற வேலைகளை வெளி ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்காமல், அந்தக் குடியிருப்பின் சமூக அபிவிருத்திச் சபையிடமே கொடுக்கும் முறை அக்காலத்தில்தான் வந்தது. ஒப்பந்தக்காரரின் இலாபம் தோட்டத்துக்குள்ளேயே நின்றது. மேசன் வேலை தெரிந்தவருக்குக் கூலி கிடைத்தது. சீமெந்தில் மணல் கூடினால் கேட்பதற்கு நூறு கண்கள் இருந்தன, ஏனெனில் அந்த வடிகால் அடைத்தால் நாறப்போவது அவர்கள் வீட்டு வாசல். அதே சூழலில்தான் பெண்களின் சேமிப்புக் குழுக்களும் தோன்றின. 1989இல் உருவான பெண்கள் வங்கி, சிறு குழுக்களாகக் கூடி வாராவாரம் சில ரூபாய்களைச் சேர்த்து, அதிலிருந்தே ஒருவருக்கொருவர் கடன் கொடுக்கும் முறையில் வளர்ந்து, நகரத்துக்கு வெளியேயும் பரவியது. வட்டிக்காரனிடமிருந்து மீண்ட பணத்தை எந்த முதலீட்டு மாநாட்டிலும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் தோட்டத்தில் முதலில் மீட்கவேண்டிய பணம் அதுதான்.

குறைகளையும் சொல்லியாகவேண்டும். கடன் திரும்பி வருவது மோசமாக இருந்தது. தேர்தல் நெருங்கும்போது கடன் தள்ளுபடி என்ற பேச்சு எழுந்தால் யார் கட்டுவார்? பெயர்ப் பட்டியலில் கட்சிக்காரரின் கை இருந்தது. பல இடங்களில் முழு உறுதி கொடுக்கப்படாமல் குடியிருப்பதற்கான அனுமதிப் பத்திரமே கொடுக்கப்பட்டது. அதனால் 2010இல் இயந்திரங்கள் வந்தபோது, கால் நூற்றாண்டாக மெல்ல மெல்லக் கல்வீடு கட்டியவர்களும் எழுத்தில் வெறும் குடியிருப்போராகவே நின்றார்கள். இதுதான் எனக்கு மிகப் பெரிய குறையாகத் தெரிகிறது. இடத்திலேயே மேம்படுத்துவதாகச் சொல்லிவிட்டு நிலத்தின் கடதாசியைக் கொடுக்காமல் விடுவது, அடுத்துவரும் அரசாங்கத்துக்கு அந்த நிலத்தை வாய்ப்பாக வைத்துவிட்டுப் போவதாகும். மறுபக்கத்தில், முழு உறுதி கொடுத்தால் இடைத்தரகர்கள் வாங்கிக் குவித்துவிடுவார்கள் என்ற அச்சமும் பொய்யல்ல. குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் கூட்டு உரிமை கொடுத்து, விற்பதென்றால் முதலில் சங்கத்துக்கே விற்கவேண்டும் என்று எழுதிவைப்பது இரண்டு ஆபத்தையும் குறைக்கும்.

இந்த வழியால் இடநெருக்கடி தீராது என்பதும் உண்மை. இரண்டு, மூன்று மாடிக்கு மேல் போக முடியாது. அதிலும் தீயணைப்பு வண்டி நுழைய வழி விடவேண்டும். கால்வாய்க் கரையில் இருப்பவர்களுக்கு இது பொருந்தவே பொருந்தாது. 2010இல் நகரம் வெள்ளத்தில் நின்றதைப் பார்த்தவர்கள் கால்வாயின் வாயை அடைத்துக்கொண்டு வீடுகள் நிற்கலாம் என்று சொல்லமாட்டார்கள். 2012இல் உலக வங்கியின் கடனில் தொடங்கிய கால்வாய், வெள்ளத்தடுப்பு வேலைகளுக்கும், 2018இல் கொழும்புக்குக் கிடைத்த ராம்சார் ஈரநில நகரம் என்ற பெயருக்கும் ஏதேனும் பொருள் இருக்கவேண்டுமானால், அந்தக் கரைகள் விடுபட்டே ஆகவேண்டும். அங்கேதான் தொடர்மாடிக்கு நியாயம் உண்டு.

மூன்றாவது வழிக்கு வருவோம். இங்கிலாந்தின் வடமேற்கில் பிரெஸ்டன் என்று ஒன்றரை இலட்சம் பேர் அளவு வாழும் ஒரு நகரம் இருக்கிறது. நூற்பாலைகள் போனபின் நலிந்துகிடந்த அந்நகரம், 70 கோடி பவுண் செலவிலான ஒரு பெரிய வணிக வளாகத்தில் தன் எதிர்காலத்தை வைத்திருந்தது. 2011இல் முக்கியமான கடை நிறுவனம் விலகிக்கொள்ள, திட்டம் சரிந்தது. அதற்குப் பின் நகர சபை வேறு ஒரு கேள்வி கேட்டது: முதலீட்டாளர் வராவிட்டால் போகட்டும், இங்கே ஏற்கெனவே இருக்கும் சபைகள், கல்லூரி, பொலிஸ், வீடமைப்பு நிறுவனம் ஆகியவை ஆண்டுதோறும் வாங்கும் பொருளும் சேவையும் யாரிடமிருந்து வருகின்றன? கணக்கெடுத்தால், 2012/13இல் அந்த நிறுவனங்களின் செலவில் 5 வீதம் மட்டுமே நகருக்குள் நின்றது. பெரிய ஒப்பந்தங்களைச் சிறியவர்களும் கேட்கக்கூடிய அளவுகளாகப் பிரித்தார்கள். பாடசாலை உணவுக்கான ஒப்பந்தத்தையே முட்டை, தயிர், பால்கட்டி என்று வெவ்வேறாக்கினார்கள். 2016/17இல் நகருக்குள் நின்ற பங்கு 18.2 வீதமாயிற்று. யாரையும் இடம்பெயர்க்கவில்லை, புதிய வரியும் போடவில்லை.

கொழும்பில் இது எப்படி இருக்கும்? மாநகர சபை மருந்தகங்களும் மகப்பேற்று மனைகளும் நூலகங்களும் சந்தைகளும் நடத்துகிறது. துப்புரவுத் தொழிலாளருக்குச் சீருடை வேண்டும், சப்பாத்து வேண்டும், தும்புத்தடி வேண்டும், வாகனங்களுக்குத் திருத்தம் வேண்டும், வடிகாலுக்கு மூடி வேண்டும், படிவங்கள் அச்சிடவேண்டும். பஞ்சிகாவத்தையில் வாகனத்தின் எந்த உதிரிப்பாகமும் கிடைக்கும், அதைப் பூட்டத் தெரிந்த கையும் பக்கத்திலேயே கிடைக்கும். தோட்டங்களில் தையல் இயந்திரம் வைத்திருக்கும் பெண்களுக்கு அளவே இல்லை. சபையின் எல்லைக்குள்ளேயே துறைமுகமும், நாம் இன்னும் பெரியாஸ்பத்திரி என்றே சொல்லும் தேசிய வைத்தியசாலையும், பல்கலைக்கழகமும் இருக்கின்றன. அவை மத்திய அரசின் கீழ் இருப்பதால் மேயர் கட்டளையிட முடியாது. பிரெஸ்டனிலும் சபை மற்ற நிறுவனங்களுக்குக் கட்டளையிடவில்லை, போய்ப் பேசியது.

தடைகள் சிறியவையல்ல. ஒரே கொள்வனவைத் துண்டுதுண்டாக்கிக் கேள்விப்பத்திரம் கோராமல் வேண்டியவருக்குக் கொடுப்பது நம்மூரில் பழைய தந்திரம்; அதனால்தான் பெறுகை விதிகள் அப்படிப் பிரிப்பதைத் தடைசெய்கின்றன, கணக்காய்வாளரும் கேள்வி எழுப்புவார். ஆகவே செய்யவேண்டியது ஒப்பந்தத்தை மறைவில் உடைப்பது அல்ல. ஒரே திறந்த அழைப்பிற்குள் பல சிறு தொகுதிகளை வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே விலை கேட்பது. அடுத்த தடை பணம் கொடுக்கும் வேகம். எனக்குத் தெரிந்த ஓர் அச்சகக்காரர் ஒரு பொது நிறுவனத்துக்கு வேலை செய்துவிட்டுப் பணத்துக்காக ஏழு மாதம் நடந்தார்; காகிதம் வாங்கிய கடனுக்கு வட்டி கட்டியே அவர் இலாபம் கரைந்தது. அவர் இனி அரசாங்க வேலை பக்கமே போகமாட்டார். முப்பது நாளில் பணம் என்று உறுதி செய்யாத வரை, சிறியவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டோம் என்ற பேச்சில் பொருளில்லை. உள்ளே வருகிறவர் பெரிய முதல் உள்ளவராகவே இருப்பார்.

இந்த வழியின் இன்னொரு பாதி புறக்கோட்டையில் இருக்கிறது. காலை ஏழு மணிக்கு ஐந்தாம் குறுக்குத் தெருவில் நின்று பாருங்கள்: லொறியிலிருந்து வெங்காய மூட்டை, சுமை தூக்கும் நாட்டாமையின் தோளுக்கு, தோளிலிருந்து கைவண்டிக்கு, கைவண்டியிலிருந்து கடைக்கு, முதலாளி மேசையில் ஒரு துண்டில் இலக்கம் எழுதிக் கொடுக்க, அந்தத் துண்டே மாலையில் கூலியாக மாறும். தமிழ், சிங்களம் இரண்டும் கலந்த ஏச்சுகளுக்கு நடுவே நாட்டின் மளிகை விலை அங்கே தீர்மானிக்கப்படுகிறது. 2020 நவம்பரில் இங்கிருந்த மெனிங் மரக்கறிச் சந்தை பேலியகொடைக்கு மாற்றப்பட்டது. நெரிசல் காரணம், இடவசதி காரணம் இரண்டும் நியாயமானவையே. ஆனால் களனி ஆற்றைத் தாண்டிய அந்த வியாபாரம் கொழும்பு மாநகர எல்லையையும் தாண்டியது. கிராண்ட்பாஸிலிருந்து நடந்து வேலைக்குப் போன நாட்டாமை இப்போது பேருந்துக்குக் காசு கொடுக்கிறார். 2014இல் நடைபாதை வியாபாரிகளுக்கென்று பேரை வாவியின்மேல் கட்டிய மிதக்கும் சந்தை பார்ப்பதற்கு அழகாக இருந்தது, வியாபாரம் படுத்தது. நடைபாதைக் கடைக்காரர் விற்பது பொருளை மட்டுமல்ல, பேருந்து நிலையத்துக்கும் வீட்டுக்கும் இடையே ஓடுகிறவரின் பத்து வினாடியை. அந்த ஓட்டத்திலிருந்து நூறு யார் தள்ளி வைத்தாலும் கடை செத்துவிடும். இடம் குறித்து, கோடு போட்டு, ஆண்டுக்கு ஒரு நியாயமான கட்டணம் வாங்கி, மழைத்தண்ணீர் போக வழிசெய்து விடுவதற்குப் பெரிய செலவில்லை; வட்டார அரசியல்வாதிக்கும் அவரின் ஆட்களுக்கும் நாளாந்தம் போகும் காசு நின்றுவிடும் என்பதுதான் சிக்கல்.

சபையின் பணத்தை எங்கே செலவிடுவது என்பதை மக்களே கூடி முடிவெடுக்கும் பங்கேற்பு வரவு செலவுத் திட்டத்தையும் சிலர் மாற்று வழியாகச் சொல்கிறார்கள். 1989இல் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் தொழிலாளர் கட்சி தொடங்கியது அது. ஏழைப் பகுதிகளுக்கு முதலில் தண்ணீரும் கழிவுநீர்க் குழாயும் போனது அதன் பெரும் வெற்றி. ஆட்சி மாறியபின் மெல்லத் தேய்ந்து, 2017இல் நிறுத்திவைக்கப்பட்டது. எந்த ஓர் இனமும் பாதிக்கு மேல் இல்லாத, மூன்று மொழிகளில் கூட்டம் நடத்தவேண்டிய கொழும்பில் இது நல்ல பயிற்சியாக இருக்கும். ஆனால் உறுப்பினருக்கு ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொடுக்கும் பழக்கம் இருக்கும் சபையில், கூட்டத்தின் பெயரில் அதே பணம் அதே கையில் போய்ச் சேரும் என்பதே என் ஐயம். தனி வழியாக இதை எடுக்காமல், இரண்டாவது வழியின் வட்டார வேலைகளைத் தீர்மானிக்கும் முறையாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இனி, எதைச் செய்யச் சபைக்கு அதிகாரம் இருக்கிறது என்ற கேள்வி. இதைக் கேட்காமல் எழுதப்படும் ஒப்பீடுகள் அதிகம். நிலம், உயர்மாடி, பெருந்திட்டம் ஆகியவற்றில் முடிவெடுப்பது நகர அபிவிருத்தி அதிகார சபை. கட்டட அனுமதி கொடுக்கும் அதிகாரம்கூட அதனிடமிருந்து மாநகர சபைக்குக் கையளிக்கப்பட்டதே, கொடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம். உள்ளூராட்சி அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி மாகாணத்துக்குரிய விடயம். மேல் மாகாண சபையோ 2019இலிருந்து தேர்தல் இல்லாமல் ஆளுநரின் கையில் இருக்கிறது. ஜப்பானிய உதவியுடன் மாலபேயிலிருந்து கோட்டைக்கு வரவிருந்த இலகு ரயில் திட்டம் 2020இல் கைவிடப்பட்டபோது கொழும்பு மாநகர சபையிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய கட்டாயமும் இல்லை. 1937இல் டாக்டர் ரட்ணசோதி சரவணமுத்து இந்நகரின் முதல் மேயராக அமர்ந்தபோது இருந்த கௌரவம் இன்றும் இருக்கிறது; அதிகாரம் நகர்ந்துவிட்டது.

இந்தக் கண்ணோடு பார்த்தால் மூன்று வழிகளின் நிறை மாறுகிறது. முதலாவதில் சபை ஒரு பார்வையாளர்; திட்டம் வெற்றியடைந்தால் சோலைவரி என்ற வீட்டு, கட்டட வரி கூடும், தோல்வியடைந்தால் குப்பையும் வடிகாலும் சபையின் தலையில். இரண்டாவதில் பாதி அதிகாரம்: வடிகால், நடைபாதை, விளக்கு, கழிப்பறை, சமூக ஒப்பந்தம் ஆகியவை சபையின் கையில், நிலவுரிமை வேறொருவர் கையில். மூன்றாவதில், சபை தன் பணத்தைத் தானே செலவிடுகிறது. விதிகளுக்குள் நின்றால் யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அதோடு, 48 இடங்களை வைத்துக்கொண்டு 117 பேர் சபையில் ஒரு பெருந்திட்டத்தை நிறைவேற்றுவது கடினம். வெள்ளவத்தைத் தையற்காரருக்கும் மாளிகாவத்தைத் தச்சருக்கும் ஒரே நேரத்தில் வேலை தரும் ஒரு கொள்வனவுத் தீர்மானத்துக்கு எதிராகக் கையுயர்த்துவது எந்தக் கட்சிக்கும் கடினம்.

தவறினால் திருத்தலாமா என்பதும் என் கணக்கில் உண்டு. சீருடை ஒப்பந்தம் பிழையானால் அடுத்த ஆண்டு மாற்றலாம். வடிகால் பிழையானால் உடைத்துக் கட்டலாம். தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகைக்கு விட்ட நிலம் பேரப்பிள்ளைகளின் காலத்திலும் திரும்பாது. கலைத்த தோட்டத்தை மீண்டும் கூட்டவும் முடியாது.

ஆகவே அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் சபை செய்யக்கூடியதாக நான் காண்பது இதுதான். முதலில், கடந்த மூன்று ஆண்டுகளின் கொள்வனவுகளை எடுத்து, எந்தப் பொருள், எவ்வளவு, எந்த ஊர் வழங்குநர் என்ற பட்டியலை மூன்று மொழிகளிலும் வெளியிடவேண்டும். ஜனவரி 31க்குள் முழு ஆண்டுச் சோலைவரியையும் கட்டிப் பத்து வீதக் கழிவு வாங்க வரிசையில் நிற்கும் மக்களின் கையில் அந்தப் பட்டியலையும் கொடுக்கலாம். சீருடை, அச்சு, வாகனத் திருத்தம் ஆகிய மூன்றை மட்டும் சிறு தொகுதிகளாக அழைத்து, முப்பது நாள் கொடுப்பனவை எழுத்தில் உறுதிசெய்யவேண்டும். அதே ஆண்டில் வடகொழும்பில் கால்வாய்க் கரையில் இல்லாத இரண்டு தோட்டங்களைத் தெரிந்து, வடிகாலையும் முடுக்கையும் சமூக ஒப்பந்தமாகக் குடியிருப்பாளரிடமே கொடுக்கவேண்டும். நில அளவையை வேலை தொடங்குமுன் முடித்து, கூட்டு உரிமைக்கான கோரிக்கையை நகர அபிவிருத்தி அதிகார சபையிடம் சபைத் தீர்மானமாகவே அனுப்பவேண்டும். கால்வாய்க் கரையில் இருப்பவர்களுக்குத் தொடர்மாடிதான் என்றால், அது அவர்கள் இப்போது இருக்கும் இடத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கவேண்டும். கீழ்த்தளம் முழுவதையும் வாகனத் தரிப்பிடமாக்காமல், அடுப்பு மூட்டவும் தட்டு விரிக்கவும் தைக்கவும் இடமாக விடவேண்டும். அந்த அக்காவுக்குப் பதினோராம் மாடியில் வீடு இருந்தாலும், இடியப்பத் தட்டுகளை அடுக்க நிலத்தில் ஆறடி இடம் போதும்.